குழந்தையின் ஐக்யூ அறிக்கை கைக்கு வந்ததும்: இண்டெக்ஸ் மதிப்பெண்களையும் கூடுதல் உட்சோதனைகளையும் படிக்கும் முறை

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அறிக்கையில் ‘ஃபுல் ஸ்கேல் ஐக்யூ’ என்று ஒரு எண் இருக்கும், அதன் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து மறைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்துக்குத்தான். கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிற சிறப்பு ஆசிரியை நான். பல பெற்றோரோடு உட்கார்ந்து இந்த அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். அந்த எண்ணைப் பார்த்த பிறகு மீதிப் பக்கங்கள் யார் மனத்திலும் ஏறுவதில்லை. எண் பெரிதாக இருந்தால் சந்தோஷத்தில் மூடிவிடுகிறார்கள், சிறிதாக இருந்தால் கலங்கிப்போய் மூடிவிடுகிறார்கள். பிள்ளைக்கு நாளைக்கு வகுப்பில் என்ன செய்யலாம் என்பதற்கான குறிப்பு பெரும்பாலும் அந்தப் படிக்காத பக்கங்களில்தான் கிடக்கிறது.

இந்தக் கட்டுரையில் விஸ்க் என்ற சோதனையை வைத்தே பேசுகிறேன். டேவிட் வெக்ஸ்லர் குழந்தைகளுக்காக உருவாக்கிய அளவுகோல் அது. முதல் பதிப்பு 1949-ல் வந்தது, ஐந்தாம் பதிப்பு 2014-ல். 6 வயதிலிருந்து 16 வயது 11 மாதம் வரை உள்ளவர்களுக்கு. அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு விப்சி என்ற தனிச் சோதனை இருக்கிறது. வேறு சோதனை செய்திருந்தாலும் கீழே சொல்லும் படிக்கும் முறை பெரும்பாலும் பொருந்தும், உட்சோதனைகளின் பெயர்கள்தான் மாறும்.

படி 1: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் நான்காம் பதிப்பில் (2003) நான்கு இண்டெக்ஸ்தான், அதாவது ஒவ்வொரு திறனுக்கும் ஒரு கூட்டு மதிப்பெண், ஐந்தாம் பதிப்பில் ஐந்து. பழையதில் ‘பெர்செப்சுவல் ரீசனிங்’ என்று ஒன்றாக இருந்ததை, கண்ணால் பார்த்து வடிவங்களைப் புரிந்துகொள்ளும் திறன் தனி, புதுப் பிரச்சினையில் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் திறன் தனி என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அது மட்டுமில்லை, பழையதில் கட்டாயமாக இருந்த ‘காம்ப்ரிஹென்ஷன்’, ‘பிக்சர் கான்செப்ட்ஸ்’, ‘லெட்டர்-நம்பர் சீக்வென்ஸிங்’ என்ற மூன்று உட்சோதனைகளும் புதியதில் கூடுதல் பட்டியலுக்குப் போய்விட்டன. ‘ஏன் என் பையனுக்குப் போன முறை செய்த சோதனையை இந்த முறை விட்டுவிட்டார்கள்’ என்று கேட்டு வருகிறவர்களில் பலருக்கு விடை இதுதான். யாரும் எதையும் விடவில்லை, பதிப்பு மாறியிருக்கிறது.

படி 2: இரண்டு வகை எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

ஒவ்வொரு உட்சோதனைக்கும் ‘ஸ்கேல்டு ஸ்கோர்’ என்று 1 முதல் 19 வரை ஓர் எண் வரும். அதில் 10 நடு. பெரும்பாலான பிள்ளைகள் 7-க்கும் 13-க்கும் இடையில் வருவார்கள். இந்த உட்சோதனைகளைச் சேர்த்து வருவது இண்டெக்ஸ் மதிப்பெண். அதில் நடு 100, பெரும்பாலானோர் 85-க்கும் 115-க்கும் இடையில். ஆகவே உட்சோதனையில் 9 என்பது பத்தொன்பதுக்கு ஒன்பது இல்லை. தேர்வு மார்க் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தோல்விபோலத் தெரிகிறது, ஒரு அப்பா என் முன்னால் கண் கலங்கியே விட்டார். 9 என்பது அந்த வயதுப் பிள்ளைகளின் நடுவில் நிற்பது. அவ்வளவுதான்.

பக்கத்தில் ‘பெர்சன்டைல்’ என்று இன்னொரு எண் இருக்கும். அது சதவீத மார்க் இல்லை. 16-வது பெர்சன்டைல் என்றால் அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறக்குறைய 16 பேர் இந்த அளவிலோ இதற்குக் கீழோ இருப்பார்கள் என்று பொருள், இண்டெக்ஸில் அது 85. 100 என்றால் 50-வது பெர்சன்டைல், 115 என்றால் 84, 130 என்றால் 98. எனக்கு இண்டெக்ஸ் எண்ணைவிட இதுதான் பெற்றோருக்குச் சீக்கிரம் புரிவதாகத் தோன்றுகிறது.

அப்புறம், ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் அடைப்புக்குறியில் 95% என்று போட்டு ஒரு வீச்சு கொடுத்திருப்பார்கள். 103 என்று இருந்தால் பக்கத்தில் 97–109 என்பதுபோல. எந்த அளவுகோலிலும் கொஞ்சம் ஆட்டம் உண்டு, பிள்ளை வேறொரு நாளில் உட்கார்ந்திருந்தால் எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதைத்தான் அந்த வீச்சு சொல்கிறது. 88, 91 என்ற இரண்டு எண்களை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பியை ஒப்பிடுகிறவர்கள் இந்த வீச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 3: ஐந்து இண்டெக்ஸ்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள்

ஐந்தாம் பதிப்பில் முதன்மை உட்சோதனைகள் பத்து. இரண்டிரண்டாகச் சேர்ந்து ஐந்து இண்டெக்ஸ் வரும்.

வெர்பல் காம்ப்ரிஹென்ஷன் என்பது மொழி வழியே யோசிப்பது. இரண்டு சொல்லைச் சொல்லி எந்த வகையில் ஒன்று என்று கேட்பார்கள், சொற்களுக்குப் பொருள் கேட்பார்கள். இது படிப்பு, வீட்டு மொழி, கேட்டு வளர்ந்த பேச்சு எல்லாவற்றோடும் கலந்தது. சோதனை நடந்த மொழி பிள்ளைக்கு இரண்டாம் மொழி என்றால் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது.

விஷுவல் ஸ்பேஷியல் என்பதில் கட்டைகளை வைத்து உருவம் அமைப்பதும், மூன்று துண்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு படத்தை மனத்துக்குள்ளேயே பொருத்துவதும் வரும். ஃப்ளூயிட் ரீசனிங் என்பது முன்பு பார்த்திராத ஒன்றில் விதியைக் கண்டுபிடிப்பது. விடுபட்ட கட்டத்தில் எது வரும், தராசு சமமாக எதை வைக்க வேண்டும் என்ற மாதிரி.

வொர்க்கிங் மெமரிதான் வகுப்பறையில் அதிகம் அடிபடுகிற இடம், ஆகவே இதில் கொஞ்சம் நிற்கிறேன். ‘டிஜிட் ஸ்பான்’ என்பதில் எண்களைக் காதால் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குள்ளேயே மூன்று பகுதி உண்டு: கேட்ட வரிசையில், பின்னோக்கி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி. ‘பிக்சர் ஸ்பான்’ என்பதில் படங்களைக் கண்ணால் பார்த்து நினைவில் வைக்க வேண்டும். ஒன்று காது, ஒன்று கண். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் இண்டெக்ஸ் சரியாகப் பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். டிஜிட் ஸ்பான் 5, பிக்சர் ஸ்பான் 11 என்று வந்தால்? சராசரியாக ஒரு நடுத்தர எண் வந்து உட்காரும், ஆனால் அந்த எண் இந்தப் பிள்ளையின் காதையும் சொல்லாது கண்ணையும் சொல்லாது. ஒரு இண்டெக்ஸுக்குள் இருக்கும் இரண்டு உட்சோதனைகளுக்கு இடையே ஐந்து புள்ளி அல்லது அதற்கு மேல் இடைவெளி இருந்தால் பல உளவியலாளர்கள் அந்த இண்டெக்ஸை ஒரே திறனாகப் படிக்கத் தயங்குவார்கள். நீங்களும் தயங்குங்கள்.

கடைசியாக ப்ராசஸிங் ஸ்பீடு. இரண்டு சோதனைகள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். ‘கோடிங்’ என்பதில் பென்சிலால் குறியீடுகளை வேகமாக எழுத வேண்டும், ‘சிம்பல் சர்ச்’ என்பதில் தேடிக் கோடு போட்டால் போதும். பென்சில் பிடிப்பதே சிரமமான பிள்ளைக்கு முதலாவது அடிவாங்கும், அது மூளையின் வேகத்தைப் பற்றி எதையும் சொல்லாமலே போகலாம். எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்து எழுதும் பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்கும் இதேதான். இந்த இண்டெக்ஸ் குறைவு என்றவுடன் ‘மந்தம்’ என்ற சொல்லைத் தயவுசெய்து வாயில் எடுக்காதீர்கள்.

படி 4: இடைவெளி நிஜமா, அரிதா? இரண்டும் வேறு வேறு கேள்வி

அறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு இண்டெக்ஸையும் இன்னொன்றையும் ஒப்பிடும் அட்டவணை இருக்கும். அதில் ஒரு பத்தியில் ‘சிக்னிஃபிகன்ட்’ என்று ஆமாம்/இல்லை இருக்கும், பக்கத்துப் பத்தியில் ‘பேஸ் ரேட்’ என்று ஒரு சதவீதம். முதலாவது, இந்த வித்தியாசம் அளவுகோலின் ஆட்டத்தால் வந்திருக்க வாய்ப்பு குறைவு, நிஜமாகவே இருக்கிறது என்கிறது. இரண்டாவது, இத்தனை பெரிய வித்தியாசம் எத்தனை பிள்ளைகளிடம் இருக்கிறது என்கிறது. நானும் ஆரம்பத்தில் முதல் பத்தியை மட்டும் பார்த்துவிட்டுப் பெற்றோரிடம் ‘பெரிய இடைவெளி’ என்று சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று புரிய எனக்குச் சில வருடம் பிடித்தது. ஒரு வித்தியாசம் நிஜமாக இருந்தும் நூற்றில் முப்பது பிள்ளைகளிடம் காணக்கூடியதாக இருக்கலாம். எந்தக் குறையும் இல்லாத பிள்ளைக்குக்கூட மிக உயர்ந்த இண்டெக்ஸுக்கும் மிகத் தாழ்ந்ததற்கும் 20 புள்ளிக்கு மேல் இடைவெளி இருப்பது சகஜம். எல்லா இண்டெக்ஸும் ஒரே உயரத்தில் நிற்பதுதான் அபூர்வம்.

படி 5: கூடுதல் உட்சோதனைகள் எதற்கு?

சரி, இப்போது முக்கிய விஷயம். பத்து முதன்மைச் சோதனை தவிர ஆறு இரண்டாம் நிலைச் சோதனைகள் இருக்கின்றன: இன்ஃபர்மேஷன், காம்ப்ரிஹென்ஷன், பிக்சர் கான்செப்ட்ஸ், அரித்மெடிக், லெட்டர்-நம்பர் சீக்வென்ஸிங், கேன்சலேஷன். இவை போனஸ் கேள்விகள் இல்லை. நன்றாகச் செய்தால் ஐக்யூ ஏறாது, செய்யாமல் விட்டால் குறையாது. ஒரு கேள்வி மனத்தில் எழுந்து, அதற்கு முதன்மைச் சோதனைகளில் விடை கிடைக்காதபோது எடுப்பவை இவை.

மேலே சொன்ன காது-கண் உதாரணத்தையே எடுங்கள். டிஜிட் ஸ்பான் தாழ்ந்திருக்கிறது. காதால் கேட்பதைப் பிடித்துவைப்பதில்தான் சிக்கலா, அல்லது அன்றைக்கு அந்த ஐந்து நிமிடம் கவனம் எங்கோ போய்விட்டதா? லெட்டர்-நம்பர் சீக்வென்ஸிங் வைத்துப் பார்க்கலாம். அதுவும் காதால் கேட்டு மனத்தில் வரிசைப்படுத்துவது. இரண்டும் சேர்ந்து ‘ஆடிட்டரி வொர்க்கிங் மெமரி இண்டெக்ஸ்’ வரும். இரண்டிலும் தாழ்வு என்றால் ஆசிரியரிடம் ‘நான்கு கட்டளையை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள், பலகையில் எழுதிப் போடுங்கள்’ என்று கேட்கக் கையில் ஓர் ஆதாரம் இருக்கிறது.

கணக்கில் திணறும் பிள்ளைக்கு அரித்மெடிக் வைப்பார்கள். தாள் பென்சில் இல்லாமல் வாய்க்கணக்கு, நேர வரம்பும் உண்டு. தராசுச் சோதனையோடு சேர்ந்து ‘குவான்டிடேட்டிவ் ரீசனிங் இண்டெக்ஸ்’ தரும். தராசில் 12 எடுத்து அரித்மெடிக்கில் 6 எடுத்த பிள்ளைக்கு அளவுகளைப் பற்றி யோசிக்கத் தெரிகிறது, கேட்ட எண்களை மனத்தில் பிடித்துவைப்பதிலோ வாய்ப்பாட்டிலோ எங்கோ தடை இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கலாம். அந்தத் தடை எங்கே என்று சொல்ல, தனிக் கணிதத் திறன் சோதனை வேண்டும். கேன்சலேஷன் சில சமயம் கோடிங்கோடு ஒப்பிட உதவும், குறியீடு எழுத வேண்டியதில்லை, குறிப்பிட்ட படங்களைத் தேடி அடித்தால் போதும்.

இது தவிர வாசிப்பு தொடர்பான கேள்விகளுக்கு இன்னும் ஐந்து துணைச் சோதனைகள் ஐந்தாம் பதிப்பில் சேர்ந்திருக்கின்றன, படம், எழுத்து, எண் போன்றவற்றைப் பார்த்துச் சட்டென்று பெயர் சொல்வது, குறியீடுகளுக்குப் பொருள் கற்று அப்புறம் நினைவுகூர்வது என்று. இவற்றின் மதிப்பெண் 10-ஐ நடுவாகக் கொண்டதில்லை, 100-ஐ நடுவாகக் கொண்டது. அட்டவணையில் திடீரென்று 94 என்று பார்த்து மிரள வேண்டாம்.

‘எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள், முழுசாகத் தெரிந்துகொள்ளலாமே’ என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பத்து முதன்மைச் சோதனைக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்கு மேல் போனால் களைப்பைத்தான் அளப்போம். இன்னொன்றும் உண்டு: இருபது இடத்தில் அளந்தால் தற்செயலாக ஏதாவது ஒன்று தாழ்ந்து நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குறை இருப்பதாகக் கதை கட்டிவிடுவோம். ஆகவே ஒவ்வொரு கூடுதல் சோதனைக்கும் உளவியலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘இது எந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் போகிறது?’

மாற்றுச் சோதனை பற்றி ஒரு குறிப்பு

முழு ஐக்யூ பத்துச் சோதனையிலிருந்து வருவதில்லை, அவற்றில் ஏழிலிருந்து மட்டும் வருகிறது. அந்த ஏழில் ஒன்று கெட்டுப்போனால், அதாவது நடுவில் தடங்கல் வந்தால், அல்லது கையில் உள்ள குறைபாட்டால் அந்தச் சோதனை நியாயமாக இல்லை என்றால், ஒரே ஒரு மாற்றுக்கு இடமுண்டு. கட்டைச் சோதனைக்குப் பதில் மனத்துக்குள் பொருத்தும் சோதனை, இந்த மாதிரி. ஐந்து முதன்மை இண்டெக்ஸ்களில் மாற்றே கிடையாது. மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு ‘அது குறைவாக வந்துவிட்டது, இதைப் போட்டுக்கொள்ளலாமா’ என்று கேட்பது முறையில்லை. ஒப்புக்கொள்ளும் சோதனையாளரும் முறையாக நடக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

படி 6: துணை இண்டெக்ஸ்கள், ஜிஏஐ, சிபிஐ

துணை இண்டெக்ஸ் என்று அறிக்கையில் ஐந்து வரலாம். அவற்றில் இரண்டை மேலே பார்த்துவிட்டோம், அந்த இரண்டுக்குத்தான் கூடுதல் சோதனை வேண்டும். மீதி மூன்றும் அதே பத்துச் சோதனையின் மதிப்பெண்களை வேறு வகையில் கூட்டிப் பார்ப்பவை.

உதாரணத்துக்கு நானே சில எண்களை வைக்கிறேன். பத்து வயதுப் பையன்: மொழி 113, வடிவம் 108, ஃப்ளூயிட் 112, வொர்க்கிங் மெமரி 85, வேகம் 83. இவனுக்கு முழு ஐக்யூ நூறுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். ‘சராசரி, பிரச்சினை இல்லை’ என்று பள்ளி சொல்லிவிடும், ஆனால் பையன் வகுப்பில் வாயால் சொல்லும் விடைக்கும் நோட்டில் எழுதுவதற்கும் சம்பந்தமே இருக்காது. நினைவையும் வேகத்தையும் ஒதுக்கிவிட்டு யோசிக்கும் திறனை மட்டும் ஐந்து சோதனையால் பார்ப்பது ஜிஏஐ (ஜெனரல் அபிலிட்டி இண்டெக்ஸ்). இவனுக்கு அது 113-ஐ ஒட்டி வரும். நினைவையும் வேகத்தையும் மட்டும் சேர்ப்பது சிபிஐ (காக்னிடிவ் ப்ரொஃபிஷியன்ஸி இண்டெக்ஸ்). அது எண்பதை ஒட்டி வரும். இப்போது அந்தத் துண்டுத் தாளை எடுத்துவிடலாம். மறைத்துவைத்த எண் பொய் இல்லை, ஆனால் இரண்டு வேறு வேறு உயரங்களின் நடுப்புள்ளி அது, அங்கே இந்தப் பையன் நிற்கவே இல்லை.

சிபிஐ 85, 83 இரண்டையும்விடக் கீழே போனது எப்படி என்று கேட்பீர்கள். ஒரு திறனில் தாழ்வாக இருப்பது அவ்வளவு அரிதில்லை, இரண்டிலும் சேர்ந்து தாழ்வாக இருப்பது இன்னும் அரிது, அதனால் கூட்டு எண் நடுவிலிருந்து இன்னும் தள்ளிப் போகிறது. உயர்ந்த பக்கத்திலும் இதே கதைதான்: எல்லா இண்டெக்ஸிலும் 125 எடுத்த பிள்ளையின் முழு ஐக்யூ 125-ஐத் தாண்டும்.

மூன்றாவது ‘நான்வெர்பல் இண்டெக்ஸ்’. வாயால் விளக்கமாகப் பதில் சொல்லத் தேவையில்லாத ஆறு சோதனை. பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைக்கும் சோதனை மொழி புதிதான பிள்ளைக்கும் பயன்படும். ஆனால் செய்யும் முறையை வாய்மொழியாகத்தான் விளக்குவார்கள், ஆகவே மொழியே தேவைப்படாத சோதனை என்று நினைத்துவிடக் கூடாது.

ஜிஏஐ உயர்ந்து சிபிஐ தாழ்ந்த இந்த அமைப்பைக் கவனக்குறைவு, வாசிப்புச் சிரமம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடம் காணலாம். எந்தச் சிரமமும் இல்லாதவர்களிடமும் காணலாம். ஆகவே இந்த அமைப்பை மட்டும் வைத்து ஏடிஎச்டி (கவனக்குறைவுக் கோளாறு) என்று யாராவது எழுதிக்கொடுத்தால், வீட்டிலும் பள்ளியிலும் நடத்தையைப் பற்றி என்ன விவரம் சேகரித்தார்கள் என்று கேளுங்கள்.

படி 7: உளவியலாளரைச் சந்திக்கும் நாள்

மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். அன்றைக்குப் பிள்ளை எப்படி இருந்தது, எந்த இடத்தில் சோர்ந்தது, எங்கே ‘தெரியாது’ என்று சீக்கிரம் விட்டுவிட்டது? எண்களைவிட இதற்கான பதில் சில சமயம் அதிகம் சொல்லும். எந்த இண்டெக்ஸை நம்பிப் படிக்கலாம், எதை உட்சோதனையாகப் பிரித்துப் படிக்க வேண்டும்? வகுப்பில் மாற்ற வேண்டியது என்ன, அது எந்த மதிப்பெண்ணிலிருந்து வருகிறது? மூன்றாவதற்குத் தெளிவான பதில் கிடைக்காமல் எழுந்து வராதீர்கள்.

இன்னும் சோதனை நடக்கவில்லை என்றால், கண்ணாடியும் காதுக் கருவியும் மறக்காமல் போகட்டும், வழக்கமான மருந்தை அன்றைக்குக் கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இணையத்தில் மாதிரிக் கேள்வி தேடிப் பழக்காதீர்கள். பழக்கிய பிள்ளையின் மதிப்பெண் யாருக்கும் உதவாது, உதவி தேவைப்பட்ட பிள்ளைக்கு அந்த உதவியே கைநழுவிப் போகும்.

அறிக்கையோடு மதிப்பெண் அட்டவணைகள் உள்ள பின்னிணைப்பையும் கேட்டு வாங்கி வையுங்கள், சுருக்கம் மட்டும் போதாது. அடுத்த முறை சோதிக்கும்போது, அது ஒரு வருடமாவது கழித்து இருந்தால் நல்லது, ஏனென்றால் சீக்கிரம் செய்தால் பழக்கத்தாலேயே சில சோதனைகளில் எண் ஏறும், புதிய உளவியலாளர் முதலில் கேட்பது எந்தப் பதிப்பு, எந்த உட்சோதனைகள், எந்தத் தேதி என்பதைத்தான். அந்த மூன்றையும் கோப்பின் முதல் பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதிவையுங்கள்.